மாமியாருக்குத் தாய்லாந்து அரிசி பிடிக்காது

2023 ஜூலை கடைசியில் ஒரு சனிக்கிழமை. அத்தை சிங்கப்பூர் தேக்கா சந்தையிலிருந்து போன் பண்ணினார். "ஆளுக்கு ஒரு மூட்டைதான்னு சொல்றாங்கம்மா. நீயும் வா, உன் பேர்ல ஒண்ணு வாங்கிக்கலாம்." போனேன். போனதைச் சொல்ல இப்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த மாதம் 20ஆம் தேதி இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியிருந்தது. இதில் கூத்து என்னவென்றால், நாங்கள் அடித்துப்பிடித்து வாங்கியது புழுங்கல் பொன்னி. தடை பச்சரிசிக்குத்தான். புழுங்கலுக்கு ஆகஸ்டு மாதம் 20 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டார்கள், அதோடு சரி. இரண்டாவது மூட்டையில் பாதியை வண்டு தின்றது.

அன்றைக்குக் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரே புலம்பல். "நம்ம இந்தியாவே நமக்குக் கொடுக்கலைன்னா வேற யாரு கொடுப்பா?" இந்த "நம்ம"தான் எனக்கு உறுத்துகிறது. அங்கே எல் நினோவில் மழை சரியில்லை. அந்த ஆகஸ்டு 1901க்குப் பிறகு இந்தியா கண்ட மிக வறண்ட ஆகஸ்டு. அடுத்த வருடம் பொதுத்தேர்தல். அரிசி விலை ஏறினால் ஓட்டுப் போடுகிறவன் டெல்லியைக் கேட்பானா, சிராங்கூன் சாலையில் இருக்கும் நம்மைக் கேட்பானா? எந்த அரசாங்கமும் முதலில் தன் வீட்டுப் பானையைத்தான் பார்க்கும். சிங்கப்பூருக்கென்று 50,000 டன் விட்டுக்கொடுத்தார்கள். அது நாம் கேட்டு வாங்கியது, உரிமையாக வந்ததில்லை.

வெங்காயத்திலும் இதே கதை. 2023 ஆகஸ்டில் 40 விழுக்காடு வரி, டிசம்பரில் முழுத்தடை. தேர்தல் பாதி நடந்துகொண்டிருந்தபோது, 2024 மே மாதம் தடையை எடுத்தார்கள். அந்த 40 விழுக்காட்டை எதிர்த்து மகாராஷ்டிராவில் நாசிக் பக்கம் வெங்காய ஏலத்தையே நிறுத்தினார்களே, அதை நம் குழுவில் ஒருவர்கூடப் பேசவில்லை. விலை ஏறாமல் பிடித்துவைத்தால் நகரத்துக்காரனுக்கு நிம்மதி, விளைவித்தவன் வயிற்றில் அடி. நமக்கு அங்கே விவசாயம் பார்க்கிற சொந்தக்காரர்கள் இருந்தும் அந்தப் பக்கம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

சரி, இந்தியாவை விடுங்கள். 2022 ஜூன் 1 நினைவிருக்கிறதா? மலேசியா கோழி அனுப்புவதை நிறுத்தியது. உக்ரேனில் போர், சோளமும் சோயாவும் விலை ஏற, கோழித்தீவனம் எகிறிவிட்டது. நாம் சாப்பிடும் கோழியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான் உயிரோடு பாலம் தாண்டி வந்துகொண்டிருந்தது. ஒரு மாதத்துக்குள் இந்தோனேசியக் கோழிக்கு அனுமதி கிடைத்தது. பிரேசில் கோழி உறைந்த நிலையில் எப்போதும் இருந்தது. நாட்டில் கோழிக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம் வந்தது எங்கள் வீட்டில்தான். "ஐஸ் கோழியில ரசம் வச்சா ருசியே இறங்காது" என்று அத்தை மூன்று வாரம் மீனோடு ஓட்டினார்.

நான் கப்பல் சரக்கு ஆவணங்கள் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்த பிறகு என் கணினித் திரையில் வருகைத் தேதிகள் மாறிக்கொண்டே இருந்தன. சூயஸ் வழியை விட்டு ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றினால் பத்து நாளுக்கு மேல் கூடுதல். கப்பல்கள் நேரம் தவறி மொத்தமாக வந்து குவிய, 2024 நடுவில் இங்கே துறைமுகத்தில் நெரிசல். கெப்பல் முனையத்தில் மூடிவைத்திருந்த பழைய தளங்களைக்கூடத் திறந்தார்கள். பருப்பு ஏன் வரவில்லை என்று கேட்கும் இறக்குமதியாளரிடம் ஏமன் அரசியலை எப்படி விளக்குவது? "கப்பல் லேட்" என்பேன்.

இதை இப்போது எழுதக் காரணம், நம் அரசாங்கத்தின் உணவு இலக்கைப் பற்றிய கேலிதான். 2030க்குள் நம் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை இங்கேயே விளைவிப்போம் என்று 2019இல் சொன்னார்கள். 2025 நவம்பரில் அதைக் கைவிட்டு, 2035க்குள் காய்கறி, கீரை தரும் நார்ச்சத்தில் 20 விழுக்காடு, புரதத்தில் 30 விழுக்காடு என்று மாற்றினார்கள். காப்பிக்கடையில் ஆளாளுக்குச் சிரித்தார்கள். சாப்பாட்டில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிற ஊரில், மின்சாரச் செலவும் ஆள்கூலியும் உள்ள விலைக்குக் கீரை வளர்ப்பது லேசா? அப்படியே வளர்த்தாலும் பக்கத்து நாட்டுக் கீரையைவிட விலை கூடும், சிரித்தவர்களில் எத்தனை பேர் வாங்குவார்கள்? நானும் வாங்கியதில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

என் கணக்கு இதுதான். அரசாங்கம் முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து அரிசி வரவழைக்க ஏற்பாடு செய்கிறது. இறக்குமதியாளர்கள் இருப்பு வைத்தாக வேண்டும் என்று சட்டமும் இருக்கிறது. நம் நாக்கு மட்டும் ஒரே ஊர், ஒரே அரிசி, ஒரே மூட்டைப் படம் என்று அடம்பிடிக்கிறது. எனக்கும்தான். வியட்நாம் அரிசிச் சோற்றில் சாம்பாரை ஊற்றினால் ஏதோ ஹோட்டலில் சாப்பிடுகிற மாதிரி இருக்கிறது.

இருந்தாலும் போன மாதம் ஐந்து கிலோ தாய்லாந்து அரிசி வாங்கி வந்தேன். அத்தை இரண்டு நாள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து, முகர்ந்தார்.

"வடிக்க லாயக்கில்ல, குழையும். கஞ்சிக்கு ஆவும். பொங்கலுக்கும் ஆவும்னு நினைக்கிறேன், பார்ப்போம்."