ஓய்வுபெற்ற பேராசிரியருக்கு நினைவு மலர் போடுகிறவர்களுக்கு

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கம் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் காலமானால், பதினாறாம் நாள் காரியத்திலேயே பழைய மாணவர்கள் கூடி மலர் போடுவதென்று முடிவெடுக்கிறார்கள். நல்ல வழக்கம். ஆனால் முதலாண்டுத் திதிக்கு மலர் கைக்கு வரும்போது அதில் என்ன இருக்கிறது? அரசியல் பிரமுகர்களின் இரங்கல் கடிதங்கள், 'தந்தையைப் போன்றவர்' என்று தொடங்கும் கட்டுரைகள், சால்வை போர்த்தும் படங்கள். அவர் எந்த வருஷம் பிறந்தார், எந்தப் பாடத்தை எப்படி நடத்தினார், வீட்டில் எப்படி இருந்தார் என்று தேடினால் கிடைப்பதில்லை. அவரைப் பார்த்தே இராத ஒரு கொள்ளுப்பேத்தி புரட்டினாலும் தாத்தா இன்னாரென்று விளங்க வேண்டும். மலர் அதற்குத்தான்.

என் கருத்து இதுதான்: மலரில் சரிபாதி வீட்டுக்கு ஒதுக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கேரள அரசுக் கல்லூரிகளில் 2012 வரை ஓய்வு வயது 55. அதன் பிறகுதான் 56. இருபத்தெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தவருக்குப் பணிக்காலம் 27 வருஷம். எண்பது வரை இருந்திருந்தால் ஓய்வுக்காலமே 25 வருஷம். கிட்டத்தட்ட சமம். ஆனால் மலர்களில் வாழ்க்கைக் குறிப்பு பணி ஓய்வு விழாப் படத்தோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு அவர் மனைவியின் மருந்து வேளைகளைக் கவனித்தது, பேரனைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டது, தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சியது எல்லாம் 'குடும்பத்தின் மீது அளவற்ற பாசம் கொண்டவர்' என்ற ஒற்றை வரியில் அடங்கிவிடுகிறது. பாசம் என்று எழுதினால் ஒன்றும் தெரியாது. 'மகள் பிளஸ் டூ படித்த இரண்டு வருஷமும் காலை நாலரைக்கு எழுந்து டீ போட்டு, அவள் படித்து முடிக்கும்வரை எதிர் நாற்காலியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பார்' என்று எழுதினால் ஆள் கண்முன் வந்துவிடுவார்.

இப்படிப்பட்ட வரிகள் வீட்டம்மாவிடம்தான் கிடைக்கும். மலர்க்குழு அவரிடம் கடைசியாகப் போகிறது, அதுவும் ஒரு படம் வாங்க. முதலில் போக வேண்டிய இடம் அதுதான். காரியம் முடிந்த கையோடு வேண்டாம், நாற்பது நாளாவது போகட்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, வீட்டில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, இரண்டே பேர் போங்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். இன்னொரு நாள் மறுபடி போகலாம். செல்போனில் பதிவு செய்யுங்கள், தொடக்கத்திலேயே தேதியையும் பேசுகிறவர் பெயரையும் சொல்லிவிடுங்கள். மகன் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவுக்காகப் பதில் சொல்ல ஆரம்பித்தால் அந்தப் பதிவு வீண். மகனிடம் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

கேள்வியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 'சார் எப்படிப்பட்டவர்?' என்று கேட்டால் 'ரொம்ப நல்லவரு' என்றுதான் பதில் வரும். சம்பளத்தை யார் கையில் கொடுப்பார்? வீட்டுக் கணக்கு எந்த நோட்டில்? விடைத்தாள் திருத்தும் மாதத்தில் வீட்டில் எங்கே உட்காருவார்? காய்ச்சல் வந்த பிள்ளையோடு ராத்திரி கண்விழித்தது யார்? எதற்குக் கோபம் வரும், எத்தனை நாள் பேசாமல் இருப்பார்? இப்படிக் கேளுங்கள். அம்மா தமிழும் மலையாளமும் கலந்து பேசினால் அப்படியே எழுதுங்கள். மேடைத் தமிழாகத் திருத்தினால் அவர் குரல் போய்விடும். ஆய்வேட்டைக் கையால் படியெடுத்துக் கொடுத்தது, சந்தேகம் கேட்க வந்த மாணவர்களுக்கெல்லாம் சோறு போட்டது அவராக இருந்தால் அதை அவர் பெயரிலேயே எழுத வேண்டும். 'மனைவியின் ஒத்துழைப்போடு' என்று கடந்துபோவது அநியாயம்.

அடுத்தது தேதி. எல்லைப்பகுதியில் இதில் நிறையத் தவறு வருகிறது. பழைய ஜாதகத்தில் கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டு இருக்கும். அதை ஆங்கில ஆண்டாக்க எல்லாவற்றுக்கும் 825 கூட்டினால் பல தப்பாகும். கொல்லம் ஆண்டு ஆவணியில், அதாவது சிங்ஙத்தில் பிறக்கிறது. ஆவணி முதல் மார்கழி நடு வரை 824, ஜனவரி பிறந்ததிலிருந்து ஆடி முடிய 825. கொல்லம் 1110 மகரம் என்றால் 1935 தை. 824 கூட்டிவிட்டால் 1934 என்று ஒரு வருஷம் பின்னால் போய்விடும். பள்ளிச் சான்றிதழ்த் தேதியும் ஜாதகத் தேதியும் வேறாக இருப்பது அந்தத் தலைமுறைக்குச் சகஜம். சேர்க்கைக்காக வாத்தியார் போட்ட தேதியே பணிப்பதிவேட்டிலும் ஏறியிருக்கும். இரண்டையும் போட்டு, எது எங்கிருந்து எடுத்தது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

பல்கலைக்கழகப் பெயரிலும் கவனம் வேண்டும். பாலக்காடு 1956 வரை மதராஸைச் சேர்ந்த மலபாரில் இருந்தது, சித்தூர் 1949 வரை கொச்சி சமஸ்தானம். 1957இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் கேரளப் பல்கலைக்கழகம் ஆனது, 1968இல் கோழிக்கோடு வந்தது. அதனால் பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் படித்த அண்ணன் தம்பிகளின் பட்டங்களில் வெவ்வேறு பல்கலைக்கழகம் இருக்கலாம். சான்றிதழைப் பார்த்து எழுதுங்கள், நினைவிலிருந்து வேண்டாம். இனிஷியலும் அப்படித்தான். தமிழில் முன்னால் வரும், கேரள ஆவணத்தில் பின்னால் போகும். சிற்றிதழ்களில் ஊர்ப்பெயர் சேர்த்தோ புனைபெயரிலோ எழுதியிருப்பார். எல்லா வடிவத்தையும் ஓரிடத்தில் தொகுத்தால்தான் கட்டுரைப் பட்டியல் முழுமையாகும். அவர் வழிகாட்டிய ஆய்வேடுகளைச் சோத்கங்கா தளத்தில் தேடலாம். பழையவை பல அதில் ஏறவில்லை, துறை நூலகத்தில்தான் பார்க்க வேண்டும்.

இனி அவருடைய காகிதங்கள். எனக்கு மிகவும் வருத்தமான விஷயம் இது. புத்தகத்தை நூலகத்துக்குக் கொடுத்துவிடுகிறோம், பாடக்குறிப்பு நோட்டுகளைக் கிலோக் கணக்கில் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடுகிறோம். புத்தகத்துக்கு இன்னொரு பிரதி எங்காவது கிடைக்கும், அந்த நோட்டுக்குக் கிடைக்காது. இந்தப் பக்கத்து வகுப்பில் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையும் மலையாளம் பேசும் பிள்ளையும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். ஒருத்தருக்கு அவர் ஐயா, இன்னொருத்தருக்கு மாஷ். பதிற்றுப்பத்து சேர மன்னர்களைப் பாடிய நூல், இன்று எண்பது பாட்டுத்தான் மிஞ்சியிருக்கிறது. அதை இரு வகைப் பிள்ளைகளுக்கும் நடத்தியவர் நோட்டில் இடப்பக்கம் பாட்டும் வலப்பக்கம் மலையாளத்தில் இன்றும் புழங்கும் இணைச்சொற்களும் இருந்தால், அது அச்சில் வராத ஆராய்ச்சி. அதே நோட்டின் பின்னட்டையில் மளிகைப் பட்டியலோ பிள்ளையின் ஃபீஸ் கட்டும் தேதியோ இருந்தால் அந்த அட்டையையும் கிழிக்கக் கூடாது.

எதையும் நகர்த்துவதற்கு முன் அலமாரியைத் தட்டுத் தட்டாகப் படமெடுங்கள். அவர் அடுக்கிய வரிசையே ஒரு தகவல். புத்தகத்துக்குள் இருக்கும் துண்டுச்சீட்டை எடுத்தால், எந்தப் பக்கத்தில் இருந்தது என்று அதன் பின்னால் பென்சிலால் குறியுங்கள். பேனா வேண்டாம், மை ஊறும். ஸ்டேப்பிள் பின்னையும் குண்டூசியையும் கழற்றிவிடுங்கள், மழைக்காலத்தில் துருப்பிடித்துத் தாளை அரிக்கும். ரப்பர் பேண்ட் இளகி ஒட்டிக்கொள்ளும், பருத்தி நாடாவால் கட்டுங்கள். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டவே கூடாது, சில வருஷத்தில் மஞ்சளாகிப் பசை எழுத்தோடு சேர்ந்து உரியும். லேமினேஷன் அதைவிட மோசம், பிறகு பிரிக்கவே முடியாது. ஜூன் மழையில் நனைந்த நோட்டை வெயிலில் போட்டால் தாள் மொடமொடத்து ஒடியும், மையும் வெளிறும். நிழலில், மின்விசிறிக் காற்றில், பத்துத் தாளுக்கு ஒரு வெள்ளைத் தாள் வைத்து உலர்த்துங்கள். கரையானுக்குப் பயந்து, பெட்டியைத் தரையிலிருந்து அரையடி உயரத்திலும் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளியும் வையுங்கள். ராமபாணப் பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து போடுவது பழைய ஏற்பாடு. அதோடு மாதம் ஒருமுறை திறந்து பார்க்கவும் வேண்டும்.

ஸ்கேன் 300 டிபிஐ, வண்ணத்தில். கருப்பு வெள்ளையில் எடுத்தால் பென்சில் குறிப்பு காணாமல் போய்விடும். கோப்புப் பெயரில் பெட்டி எண், நோட்டு எண், பக்க எண் மூன்றும் இருக்கட்டும். பழைய கம்ப்யூட்டரில் பாமினி எழுத்துருவில் அடித்த கட்டுரைகள் கிடந்தால் ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றி, ர, ற, ந, ன வரும் இடங்களை மெய்ப்புப் பாருங்கள். இரண்டு வன்தட்டில், இரண்டு வீட்டில் பிரதி வேண்டும். எழுத்துக்குக் காப்புரிமை ஆசிரியர் காலமானபின் 60 ஆண்டு வாரிசுகளிடம் இருக்கும், அதனால் இணையத்தில் ஏற்றுவதற்குப் பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்திட்ட ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

அச்சு சுலபம். 16 பக்கம் ஒரு ஃபாரம், 64 பக்கம் என்றால் நாலு. 67 பக்கம் வந்தால் மூன்று பக்கத்தை வெட்டுங்கள், முதலில் வெட்ட வேண்டியது இரங்கல் கடிதங்களை. படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வாங்கினால் அச்சில் மங்கும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். நாலு அங்குல அகலத்தில் அச்சிட 1200 பிக்சல் வேண்டும். பிரதிகளை விழா மேடையிலேயே கொடுத்துத் தீர்த்துவிடாமல், அவர் வேலை பார்த்த ஒவ்வொரு கல்லூரியின் தமிழ்த்துறைக்கும், சென்னை ரோஜா முத்தையா நூலகத்துக்கும், ஊர் வாசகசாலைக்கும் எடுத்து வையுங்கள். வாசகசாலையில் சும்மா கொடுத்துவிட்டு வராமல், நூலகர் இருக்கும் நேரமாகப் போய், பதிவேட்டில் வரிசை எண் போட்டு ஏற்றுகிறவரை நின்று வாருங்கள். எண் இல்லாத புத்தகம் அடுத்த கணக்கெடுப்பில் வெளியே போய்விடும்.