முன்பக்கம் ராகு, பின்பக்கம் கடன்

(ரங்கூனில் ஒரு பலகாரக் கடை. தை வெள்ளி. மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது.)

செல்வம்: அக்கா, அந்தக் காலண்டர் தாளைப் பாருங்க. இன்னைக்கு என்ன போட்டிருக்கு?

ராமாயி: ஆறு இட்லி, ரெண்டு வடை, ஒரு டீ.

செல்வம்: அது பின்பக்கம் அக்கா. முன்பக்கம் பாருங்க.

ராமாயி: போன வெள்ளிக்கிழமைத் தாளா? எட்டு இட்லி, ஒரு பொங்கல்.

செல்வம்: ஐயோ, ராகு காலம் எப்போன்னு கேட்டேன்.

ராமாயி: 10.30 முதல் 12 வரை. அது முடிஞ்சாச்சு. பணத்தை எடு.

செல்வம்: இது மெட்ராஸ் காலண்டர் அக்கா. அங்கே நமக்கு ஒரு மணி நேரம் பின்னாடி. ராகு இப்போதான் நடுவில் உட்கார்ந்திருக்கார்.

ராமாயி: பதினொரு மணிக்குக் கேட்டப்போ இங்கே ராகுன்னு சொன்னாயே?

செல்வம்: ரெண்டு ஊரையும் பார்த்துக்கிறது நல்லதுதானே.

ராமாயி: ஊருக்கெல்லாம் ஒன்றரை மணி நேர ராகு, உனக்கு மட்டும் இரண்டரையா? பகலை எட்டாக வகுத்து அதில் ஒரு பங்கை ராகுவுக்குக் கொடுத்திருக்காங்க. சூரியன் ஆறு மணிக்கு உதிச்சால்தான் இந்த 10.30 கணக்கு சரி. ரங்கூனில் தை மாசம் சூரியன் ஆறரைக்கு மேலேதான் எட்டிப் பார்க்கிறான். அதனால் உன் ராகு மெட்ராஸிலும் இல்லை, இங்கேயும் இல்லை. உன் சட்டைப்பையில் இருக்கான்.

செல்வம்: அப்படிப் பேசாதீங்க. அமுதம் குடிச்சு, தலை வெட்டுப்பட்டும் சாகாதவர். சூரியனையே விழுங்குகிறவர்.

ராமாயி: அவனாவது விழுங்கிய சூரியனைக் கொஞ்ச நேரத்தில் வெளியே விட்டுவிடுகிறான். நீ புரட்டாசியிலிருந்து விழுங்கிக்கிட்டிருக்கே.

(இவருக்குக் கடன் வாங்கும்போது ராகு நினைவுக்கு வந்ததாகச் சரித்திரம் இல்லை.)

செல்வம்: இந்த நாடே நேரம் பார்த்துச் சுதந்திரம் வாங்கியது அக்கா. 1948 ஜனவரி 4, விடியற்காலை 4.20. ஜோசியர்கள் குறித்துக் கொடுத்த நேரம்.

ராமாயி: பார்த்தாயா, வெள்ளைக்காரனே சொன்ன நேரத்துக்கு எழுந்து கொடுத்துட்டுப் போயிருக்கான்.

செல்வம்: அதோடு இன்னைக்கு வெள்ளி. வீட்டு லட்சுமியை வெளியே அனுப்பக்கூடாது.

ராமாயி: என் கடைக்கு வந்தால் லட்சுமி கெட்டுப்போய்விடுவாளா? காலையில் எட்டு மணிக்குக் கேட்டேனே, அப்போ லட்சுமி வரலையே?

செல்வம்: அது குளிகை அக்கா. குளிகையில் எதைச் செய்தாலும் திரும்பத் திரும்ப நடக்கும். அப்போ பணம் கொடுத்தால் கொடுத்துக்கிட்டே இருக்கணும்.

ராமாயி: ஓ! நீ முதல் இட்லி கடன் வாங்கியது குளிகையிலா?

செல்வம்: முன்பக்கம் பார்த்தால் தெரியும்.

ராமாயி: பின்பக்கம் பார்த்தாலே தெரியுது. கேள், 1987-ல் இந்த நாட்டை ஆண்ட நே வின் 25, 35, 75 கியாட் நோட்டெல்லாம் செல்லாதுன்னார். மாற்றியும் கொடுக்கலை. அப்புறம் ஒன்பதால் வகுபடும்னு 45, 90 கியாட் நோட்டு அடிச்சார். ஒருத்தருக்கு ராசி எண், பெட்டியில் வெச்சிருந்த ஜனங்களுக்கு வெறுங்காகிதம். உன் ராகுவும் அந்த வகைதான். நல்ல நேரம் உனக்கு, நஷ்டம் எனக்கு.

(செல்வம் கொஞ்ச நேரம் பேசவில்லை.)

செல்வம்: அந்த வடை சூடா இருக்கா அக்கா?

ராமாயி: ராகு காலத்தில் கொடுக்கக்கூடாதே.

செல்வம்: வாங்கிக்கிறதுக்குத் தோஷமில்லை.

ராமாயி: நாளைக்குக் காலை எட்டு மணிக்கு வா. சனிக்கிழமை ராகு ஒன்பதுக்குத்தான். குளிகையும் அதுக்குள்ளே முடிஞ்சிடும்.

செல்வம்: ஏழரைக்கே முடிஞ்சிடுமா?

ராமாயி: முன்பக்கம் போட்டிருக்கு.

செல்வம்: வேற என்ன போட்டிருக்கு?

ராமாயி: சஷ்டி.

செல்வம்: அப்போ விரதம். விரத நாளில் பணத்தைத் தொடக்கூடாதுன்னு எங்க ஆத்தா சொல்லும்.

ராமாயி: நல்லது. உனக்கு நாளைக்கு இட்லியும் கிடையாது.

செல்வம்: சோறுதான் கூடாது அக்கா, பலகாரம் சாப்பிடலாம். நாளைக்கு எட்டு இட்லின்னு எழுதிக்கோங்க.