மூணாவது இடுக்கு

(மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். பழைய ஓட்டு வீடு. கூடத்துக்கு மேலே மரப்பலகை மச்சு. சித்திரை வெயில். வைகாசியில் பேத்திக்குக் கல்யாணம். ஏணி மேல் பெயிண்டர், கீழே துண்டால் விசிறிக்கொண்டு வீட்டுப் பெரியவர்.)

பெரியவர்: ஏன் தம்பி, வந்து ஒரு மணி நேரமாச்சு, டப்பாவையே இன்னும் தொறக்கல. மேல என்ன ஜோசியமா பாக்குற?

பெயிண்டர்: இடுக்கு பாக்குறேன் மாமா. பலகைக்குப் பலகை தீக்குச்சி ரெண்டு சேந்தாப்ல நுழையுது. அடைக்காம வெள்ளை அடிச்சா, வரிக்குதிரையைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும்.

பெரியவர்: இன்னும் ரெண்டு கை சேத்து அடி. மறைஞ்சிடும்.

பெயிண்டர்: வரப்புல நண்டு வளையை வச்சுக்கிட்டு, சேத்தை அப்பி அண்டை வைக்காமயா தண்ணி கட்டுவீங்க?

(விவசாயியை வரப்பைச் சொல்லி மடக்குவது அத்துமீறல்தான். ஆனால் நியாயம் நியாயம்.)

பெரியவர்: சரி, அண்டை வையி. செவுத்துக்கு வாங்குன பட்டி மாவு பாதி மூட்டை கிடக்கு.

பெயிண்டர்: அது பாறையா இறுகிடும். மரம் சும்மா இருக்காதே! ஐப்பசி அடைமழையில ஈரத்தைக் குடிச்சு அகலவாக்குல உப்பும், கோடையில சுருங்கும். பட்டிக்கு அந்த வளைஞ்சு குடுக்குற குணம் கிடையாது. வெடிச்சு, பொருக்கு பொருக்கா சாம்பார்ல விழும்.

பெரியவர்: அப்ப ஐப்பசி வந்தா தானா மூடிக்கும்ல? நம்ம வயலும்தான் கோடையில காலு போற அளவுக்கு வெடிக்குது. தண்ணி வந்ததும் மூடிக்குது. எவனாச்சும் காசு குடுத்து அடைக்கிறானா?

பெயிண்டர்: வயலுக்குக் கீழ யாரும் பந்தி போடுறதில்ல மாமா.

பெரியவர்: (கொஞ்ச நேரம் யோசித்து) பாத்ரூம் தொட்டிக்கு வாங்குன சிலிக்கான் அரை டியூப் இருக்கு.

பெயிண்டர்: அது மேல பெயிண்ட் ஒட்டாது. தாமரை இலைத் தண்ணிதான். இதுக்குன்னு அக்ரிலிக் சீலன்ட்னு ஒரு பசை இருக்கு. பெயிண்ட் ஏத்துக்கும், கொஞ்சம் இழுபட்டும் குடுக்கும். தூசியைத் தட்டி, பலகைக்கு பிரைமர் அடிச்சு, இடுக்குல அதை ஏத்தி, ஈர விரலால ஒரே இழுப்பு. ராத்திரி பூரா காயணும். காய்றப்ப உள்ள அமுங்கும், மறுநாள் இன்னொரு தடவை போடணும். அதுவும் காஞ்சாத்தான் பெயிண்ட்.

பெரியவர்: காயட்டுமே. காவிரிக்கு 1990-ல நடுவர் மன்றம் வச்சு, 2007-ல இறுதித் தீர்ப்பு சொன்னாங்க. 17 வருஷம் காத்துக் கிடந்தவனுக்கு ரெண்டு ராத்திரி என்னய்யா? காசைச் சொல்லு. எத்தனை டியூப்?

பெயிண்டர்: 5 மில்லிமீட்டர் அகலம், அதே ஆழம்னா, 300 மில்லி டியூப்பு கிட்டத்தட்ட 40 அடி ஓடும். 12 அடி நீளத்துல 15 இடுக்கு, 180 அடி. அஞ்சு டியூப்பு.

பெரியவர்: கடைசிப் பலகை வரைக்கும் வருமா? இல்ல, கடைமடைக்குத் தண்ணி வர்ற மாதிரியா?

பெயிண்டர்: வந்துடும் மாமா. கூலி இடுக்குக்கு 70 ரூபா.

பெரியவர்: நேத்து அவகிட்ட 50-ன்னுதானே சொன்ன?

பெயிண்டர்: (ஏணியில் தடுமாறி) அப்ப நீங்க மச்சுல தூங்கிக்கிட்டு இருந்தீங்களே!

பெரியவர்: தூக்கத்துல காதுல விழுந்துச்சு.

பெயிண்டர்: இந்த வெயில்ல, ஓட்டுக்குக் கீழயா படுக்குறீங்க? வெந்து போயிடாது?

பெரியவர்: காத்து வரும்.

பெயிண்டர்: எங்கேருந்து?

பெரியவர்: வரும்ங்கிறேன்ல. நீ வேலையைப் பாரு.

பெயிண்டர்: (மேலே தடவிப் பார்த்து) எல்லா இடுக்கும் ஒரே சீரா இருக்கு. இந்த மூணாவது மட்டும் கட்டைவிரலே போகுது. கத்தி வச்சுச் செதுக்குன மாதிரி வழவழன்னு இருக்கே?

பெரியவர்: எலி.

பெயிண்டர்: எலிக்கு இவ்ளோ கைவேலை தெரியுமா? அதுவும் சரியா ஊஞ்சலுக்கு நேர் மேல. அத்தையும் மருமகளும் சாயங்காலம் உக்காந்து பேசுற இடம்ல இது?

பெரியவர்: எலிக்கு ஊஞ்சல் எங்க இருக்குன்னு எப்படிய்யா தெரியும்? தம்பி, ஒண்ணு செய்யி. பதினாலையும் அடைச்சிடு. அதை மட்டும் விட்டுடு. பழைய வீடு, மூச்சு விட ஒரு வழி வேணாமா?

பெயிண்டர்: 14 இடுக்கு அடைச்சு ஒண்ணு விட்டா, எனக்குத்தான் கெட்ட பேரு.

பெரியவர்: கூலி 15-க்கும் வாங்கிக்க. 70-ன்னே வச்சுக்க.

பெயிண்டர்: முடியாது மாமா. அதுல முதல்ல ஃபோம் கயிறு திணிச்சு, அது மேல சீலன்ட் ரெண்டு கை போட்டு, மத்ததை எல்லாம் அப்புறம் பாருன்னு அத்தை அட்வான்ஸே குடுத்துட்டாங்க.

பெரியவர்: எப்ப குடுத்தா? எனக்குக் கேக்கவே இல்லையே!

பெயிண்டர்: கொல்லைப்பக்கம் கூட்டிட்டுப் போய்ல குடுத்தாங்க.