புரியாமல் எப்படி ஆமென் சொல்வது?

ஆராதனையில் பேசுவது புரியும்படி இருக்க வேண்டும் என்று சொன்னாலே சிலருக்குக் கோபம் வந்துவிடுகிறது, ஆவியில் நிறைந்து ஜெபிக்கிறவரைப் போய்க் குறை சொல்லலாமா என்கிறார்கள். சரி, அப்போஸ்தலன் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய கடிதத்தில் 1 கொரிந்தியர் 14ஆம் அதிகாரத்தை எடுத்து நிதானமாக வாசித்துப் பாருங்கள். உங்கள் எல்லாரையும்விட அதிகமாக அந்நியபாஷைகளை, அதாவது ஆவியின் வரமாக வரும், கேட்கிறவருக்குப் புரியாத பாஷைகளைப் பேசுகிறேன் என்று தேவனுக்கு நன்றி சொல்லும் அதே பவுல்தான், சபையில் அந்நியபாஷையில் பதினாயிரம் வார்த்தை பேசுவதைவிட மற்றவர்களுக்கு உணர்த்தும்படி ஐந்து வார்த்தை பேசுவதே மேல் என்கிறார். வரத்தை அவர் தள்ளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனை நினைக்கச் சொல்கிறார். நீ சொல்வது அவனுக்குத் தெரியாவிட்டால் உன் ஸ்தோத்திரத்துக்கு அவன் எப்படி ஆமென் சொல்வான் என்று 16ஆம் வசனத்தில் நேராகவே கேட்கிறார். ஜெபம் மைக் பிடித்தவருடையது மட்டும் இல்லையே, ஆமென் சொல்கிற எல்லாருடையதும்தானே.

இது அந்நியபாஷை பேசுகிற சபைகளின் பிரச்சினை மட்டும் என்று மற்றவர்கள் நிம்மதியாக இருக்க வேண்டாம். வேதம் வாசிக்க வருகிறவர் அந்தப் பகுதியை மேடையில்தான் முதன்முறையாகப் பார்க்கிறார். முற்றுப்புள்ளி எங்கே என்று தெரியாமல் ஓடி, பெயர்களில் தடுக்கி, மக்கள் பக்கத்தைத் தேடி எடுப்பதற்குள் முடித்துவிட்டு இறங்கிவிடுகிறார். ஜெபம் உச்சத்துக்குப் போகப் போக கீபோர்டும் கூடவே ஏறுகிறது, ஒவ்வொரு வாக்கியத்திலும் பின்பாதி எதிரொலியில் காணாமல் போகிறது, ஆனால் ஆமென் மட்டும் சத்தமாக வருகிறது. எதற்கு? பிரசங்கத்திலும் நீதிமானாக்கப்படுதல், பரிசுத்தமாக்கப்படுதல் என்று ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல் அடுக்கினால் புதிதாக வந்தவர் என்னதான் செய்வார்?

சபை வரலாற்றிலும் இந்தக் கவலை புதிதல்ல. 813இல் இன்றைய பிரான்சில் உள்ள தூர் நகரில் கூடிய ஆயர்கள், பிரசங்கத்தை மக்கள் பேசுகிற மொழியிலேயே சொல்ல வேண்டும் என்று தீர்மானித்தார்கள். ஆனால் பெரும்பாலும் லத்தீனிலேயே நடந்துவந்த கத்தோலிக்கத் திருப்பலியில் மக்கள் மொழிக்கு வழிவிட்ட வத்திக்கான் சங்க ஆவணம் வந்தது 1963 டிசம்பரில். எத்தனை நூற்றாண்டு இடைவெளி!

புரிந்துவிட்டால் பக்தி குறைந்துவிடும் என்கிறவர்கள் நெகேமியா 8ஐப் பார்க்கட்டும். ஆலயப் பணிவிடைக்காரரான லேவியர் வேதத்தை வாசித்து, அர்த்தம் சொல்லி விளங்கப்பண்ணினார்கள், ஜனங்கள் கேட்டு அழுதார்கள், அப்புறம் தங்களுக்குச் சொல்லப்பட்டது புரிந்ததாலேயே சந்தோஷமாகக் கொண்டாடப் போனார்கள்.

ஆகவே போதகர்களே, வேதம் வாசிக்கிறவருக்கு அந்தப் பகுதியைச் சனிக்கிழமையே கொடுத்துவிடுங்கள், வீட்டில் சத்தமாக வாசித்துப் பார்த்துவிட்டு வரட்டும். ஜெபிக்கும்போது கீபோர்டை நிறுத்தச் சொல்லுங்கள். ஆராதனை முடிந்ததும் கடைசி வரிசையில் இருக்கிறவரிடம் போய், இன்றைக்கு என்ன கேட்டது, என்ன புரிந்தது என்று கேளுங்கள்.