கோடு முழுசா இருக்கு, லைன் மட்டும் இல்லை

பினாங்குத் தைப்பூசத்துக்கு எவ்வளவு கூட்டம் வரும், எந்தச் சாலையில் வரும், எங்கே நெரியும் என்பதெல்லாம் ஊருக்கே மனப்பாடம். வெள்ளி ரதம் 1894-இல் இருந்து ஓடுகிறது. 2017-இல் தங்க ரதமும் சேர்ந்துகொண்டது. தேதியைப் பஞ்சாங்கம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. இத்தனை தெரிந்தும் ஒவ்வொரு பூசத்துக்கும் முருகன் கோவில் இருக்கும் தண்ணீர்மலை அடிவாரத்தில் கைப்பேசி செத்துப்போகிறது என்றால், திட்டம் போடவேண்டியவர்கள் போடவில்லை என்றுதான் அர்த்தம்.

இந்த வருசம் 513 படிக்கும் கீழே, கூட்டத்தில் அம்மா பிரிந்துவிட்டார். என் கைப்பேசியில் சிக்னல் கோடு முழுசாக நிற்கிறது. கூப்பிட்டால் மணியே அடிக்காமல் துண்டித்துக்கொள்கிறது. "அம்மா எங்க இருக்கீங்க" என்று அனுப்பிய செய்திக்குப் பக்கத்தில் அந்தச் சின்னக் கடிகாரம் அசையாமல் கிடக்கிறது, ஒற்றை டிக்காகக்கூட மாறவில்லை. கடைசியில், பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்த தம்பி மைக்கைப் பிடித்து, "பச்சைச் சேலை கட்டின அம்மா, உங்க மகன் இங்க நிக்கிறாரு" என்று கத்தியதில்தான் கிடைத்தார். அப்புறம் நான் கைப்பேசி நிறுவனத்துக்கு மாதாமாதம் வெள்ளி (ரிங்கிட்) கட்டுவது எதற்கு?

சேவை மையத்துக்கு அடித்தால், "உங்க ஏரியால கவரேஜ் நல்லா இருக்கு சார்" என்கிறார்கள். கவரேஜைப் பற்றி யார் கேட்டது? கோபுரத்தின் அலை எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்பதைத்தான் அந்தக் கோடு காட்டும். அதை எத்தனை பேர் பங்குபோடுகிறார்கள் என்று காட்டாது. 20 மெகாஹெர்ட்ஸ் 4ஜி அலைவரிசை ஒன்று, இரண்டு ஆண்டெனாவோடு, காகிதக் கணக்கில் விநாடிக்கு 150 மெகாபிட் தரும். ஒரே நேரத்தில் 3,000 பேர் அதில் ஏறினால் தலைக்கு 50 கிலோபிட். கைப்பேசியிலிருந்து கோபுரத்துக்கு அனுப்பும் பக்கம் இதைவிடக் குறைவு. பூசத்தன்றோ எல்லாரும் காவடியை வீடியோ எடுத்து அனுப்பத்தான் பார்க்கிறார்கள்.

2023 கடைசியில் மலேசியாவில் மக்கள் வசிக்கும் பகுதிகளில் 80 விழுக்காட்டுக்கு 5ஜி வந்துவிட்டது என்று சொன்னார்கள். சரி, நல்லது. ஆனால் அந்தக் கணக்கு இடத்தைத்தான் அளக்கிறது, நெரிசலை அளக்கவில்லை.

லாரியில் தற்காலிகக் கோபுரம் கொண்டுவந்து நிறுத்துவது ஒன்றுமில்லாததற்குப் பரவாயில்லை. ஆனால் வழி நெடுகப் பரந்து கிடக்கும் கூட்டத்துக்கு ஓரிடத்தில் நிற்கும் லாரி எப்படிப் போதும்? கோவிலில் மட்டும் ஒரே அண்டா வைத்து இந்த ஜனத்துக்கு நம் ஆட்கள் தண்ணீர் கொடுக்கிறார்களா? சாலை முழுக்கப் பந்தல் போடுகிறார்கள். ஸ்மால் செல் என்பதும் அதுதான். விளக்குக் கம்பத்தில் சின்னப் பெட்டி, குறைந்த சக்தி, சில நூறு மீட்டருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்.

கண்ட இடத்தில் மாட்டினால் அது வேலைக்காகாது. ஒரே அலைவரிசையில் பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகள் ஒன்றையொன்று குழப்பும். அதனால் சக்தியை அடக்கி, ஆண்டெனாவைக் கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டும். மனித உடம்பே அலையை உறிஞ்சும், அதிலும் 3.5 கிகாஹெர்ட்ஸ் 5ஜி அலைக்கு அது பெரிய தடை. எனவே தலைகளுக்கு மேலே உயரமும் வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் மின்சாரம், பின்னால் தகவலைக் கொண்டுபோக ஃபைபர் கம்பி, கம்பத்துக்கு அனுமதி. இதெல்லாம் பூசத்துக்கு முந்தின வாரம் ஓடிவந்து செய்கிற வேலையா? கூட்டமில்லாத நாளில் காரில் ஒரு சுற்று ஓட்டி அளந்தால் வரைபடத்தில் எல்லாம் பச்சையாக, நல்ல சிக்னல் என்றுதான் தெரியும்.

மூன்று நாள் கூட்டத்துக்கு யார் முதலீடு செய்வது என்று கேட்பார்கள். அதே ஜாலான் கெபுன் பூங்கா வழியாகத்தான் வாராவாரம் பூமலைக்கு, அதாவது தாவரவியல் பூங்காவுக்கு, ஜனம் போகிறது. லிட்டில் இந்தியாவில் தீபாவளிக்கு முந்தின இரவு நின்று பாருங்கள், அங்கேயும் இதே கதை. ஒரே பெட்டியை எல்லா நிறுவனமும் பகிர்ந்துகொள்ளத் தொழில்நுட்பம் இருக்கிறது, செலவையும் பகிரலாம்.

மலையடிவாரத்தில் மாலை விற்கும் அக்காவிடம் கியூஆர் அட்டை இருக்கிறது. வாங்க வந்தவர் கைப்பேசியில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. காசும் கையில் இல்லாததால் மாலையைத் திரும்ப வைத்துவிட்டுப் போனார். கைப்பேசி நிறுவனங்களே, அந்த அக்காவின் நட்டத்தை எந்தக் கவரேஜ் வரைபடத்தில் காட்டுவீர்கள்? அடுத்த பூசத்தன்று உங்கள் பொறியாளர்களை ரதத்துக்குப் பின்னாலேயே நடக்கவிட்டு, கூட்டத்துக்குள் அளந்து பாருங்கள். வந்த எண்ணை அப்படியே வெளியிடுங்கள். அதற்கடுத்த பூசத்துக்குள் கம்பங்களில் பெட்டி ஏற வேண்டும்.