பீரங்கி சுட்டால் புதையல் யாருக்கு?

மிதக்கும் தீவுகளுக்கு நடுவே வானில் கப்பல் ஓட்டும் ஒரு கற்பனைக் கொள்ளைத் தலைவனைப் பற்றிய கட்டுரை ஒன்றை ரசித்துப் படித்தேன். மந்திரக் கல்லால் கப்பல் பறக்கிறது, சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எடுத்த எடுப்பிலேயே எதிரிக் கப்பலைப் பீரங்கியால் துளைக்கிறான் என்பதுதான் இடிக்கிறது. கடலில் ஓட்டை விழுந்த கப்பல் மூழ்க நேரமாகும், அதற்குள் சரக்கை மாற்றிக்கொள்ளலாம். வானில் அந்தக் கல் உடைந்தால் கப்பலோடு புதையலும் கீழே போய்விடும். அப்புறம் எதைக் கொள்ளையடிப்பது? இவன் சுடாமலே சரணடைய வைப்பவனாக இருக்க வேண்டும். 1718இல் கொல்லப்பட்ட கருந்தாடி (Blackbeard) என்ற கடற்கொள்ளையன் அப்படித்தான் பெயர் வாங்கினான். தொப்பிக்கடியில் புகையும் திரிகளைச் செருகிக்கொண்டு வருவானாம். பார்த்தவனுக்குப் பாதி உயிர் அங்கேயே போயிருக்கும்.

தலைவன் சொல்வதே சட்டம் என்று கட்டுரை சொல்வதும் பொருந்தவில்லை. பார்த்தலோமியு ராபர்ட்ஸ் என்ற கடற்கொள்ளையனின் கப்பல் விதிகளில் ஆளுக்கு ஒரு ஓட்டு உண்டு, கொள்ளையில் தலைவனுக்கு இரண்டே பங்கு.

கட்டுரையாளர் தொடாத ஒன்று, உயரம். சுமார் 5,500 மீட்டரில் காற்றழுத்தம் பாதியாகிவிடும். கீழிருந்து துரத்தி வரும் காவல் வீரன் வாளை நாலு தடவை வீசினாலே மூச்சிரைத்துத் தடுமாறுவான். அங்கேயே வாழ்ந்து பழகிய தலைவனோ கயிற்றில் சாய்ந்தபடி, அவன் களைத்து உட்காரும்வரை காத்திருப்பான். எனக்கு அந்தக் காட்சிதான் வேண்டும்.