போனை உள்ளே வைக்கச் சொன்னவருக்கு

சனிக்கிழமை இங்கே அயர்லாந்தில், ஒரு பப்பில் எல்லோரும் கூடி நாட்டார் மெட்டு வாசிக்கும் செஷனில், நான் போனில் வீடியோ எடுத்ததைப் பற்றி ஆளாளுக்கு எழுதித் தீர்த்துவிட்டீர்கள். சரி, நானும் சொல்லிவிடுகிறேன். நான் எடுத்தது 40 விநாடி. ஒரே ஒரு போல்கா, அதாவது ஒரு நடன மெட்டு. அதற்கு எனக்குக் கிடைத்த பட்டம் 'மரபைத் திருட வந்த டூரிஸ்ட்'. ஒன்பது வருடமாகக் கார்க்கில் வாடகை கட்டும் டூரிஸ்ட்!

யாரோ ஒருவர் பிடித்து வைக்காமல் எந்த மெட்டு தங்கியது? பிரான்சிஸ் ஓ'நீல் இதே கார்க் மாவட்டத்துக்காரர். சிகாகோ போய்ப் போலீஸ் தலைவரானார். அவருக்கு ஸ்வரம் எழுத வராது. காதில் விழுந்ததை மனதில் ஏற்றிக்கொண்டு வந்து, இன்னொரு போலீஸ்காரரிடம் வாசித்துக் காட்டி எழுதவைத்தார். 1903இல் வந்த தொகுப்பில் 1,850 மெட்டுகள். என்னை முறைத்தவர்கள் அன்று வாசித்ததில் எத்தனை அந்தப் புத்தகத்தில் இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கட்டும்.

"கேட்டுவிட்டு எடுத்திருக்கலாமே?" கேட்டிருக்கலாம்தான். விடுங்கள்.

"காதால் கற்பதுதான் மரபு." யார் இல்லை என்றது? எனக்கு டின் விசில் என்ற தகரக் குழலைப் பழக்கிய பெரியவர் டீ கப்பை ஃபிடில் பெட்டிமேல் வைத்துவிட்டு, ஸ்லைடு என்ற வகை நடன மெட்டு ஒன்றின் பின்பாதியைப் பதினோரு தடவை வாசித்துக் காட்டினார். பன்னிரண்டாவது தடவை அவரே, "போனை எடுப்பா, கை வலிக்கிறது" என்றார். போன மார்ச்சில் இறந்துவிட்டார். அவருடைய மகளிடம்கூட அந்த மெட்டு இல்லை, நான்தான் அனுப்பிவைத்தேன். இது திருட்டா?

1935இல் இங்கே அரசு நாட்டார் வழக்காற்று ஆணையம் அமைத்தது. ஊர் ஊராகப் போய் மெழுகு உருளைகளில் கதைகளைக் குரலோடு பதிந்தார்கள். எழுத்தில் இறக்கியதும் உருளையைச் சீவி அடுத்த ஆளுக்குப் பயன்படுத்தினார்கள். அவ்வளவு பணத் தட்டுப்பாடு. கதை தாளில் இருக்கிறது, சொன்னவரின் குரல் சீவலோடு போயிற்று. என் கையில் இருப்பது சீவ வேண்டாத உருளை. அதை உள்ளே வை என்கிறீர்கள்.

அப்புறம், சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். அன்று பக்கத்து மேஜையில் ஒருவர் ஸ்டாண்ட் போட்டு ஒரு மணிநேரம் படம் பிடித்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. பாஸ்டன்காரர், தாத்தா இங்கே கிளேர் மாவட்டத்துப் பக்கமாம். எனக்குத் தாத்தா மன்னார்குடியில்தான் இருந்தார், என்ன செய்வது?

வீடியோவை எடுத்துவிட்டேன், திருப்திதானே? மெட்டின் பெயர் கேட்டு இன்பாக்ஸில் வருபவர்களுக்கு: எனக்கும் தெரியாது. வாசித்தவரிடம் கேட்க எழுந்தபோதுதான் போனை உள்ளே வைக்கச் சொன்னார்கள்.